பௌர்ணமிக்குப் பௌர்ணமி செஞ்சிக்கோட்டை

கனகமணி: இன்னும் ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. தட்டை நீட்டுங்க.

ஜீவேந்திரன்: ஐயோ, போதுங்க சம்பந்தியம்மா. பொழுது போயிடுச்சு. தூக்கை மூடுங்க.

கனகமணி: எங்க போச்சு?

ஜீவேந்திரன்: எங்க போச்சா? கண்ணு முன்னாடிதானே போச்சு. அதோ பாருங்க, சூரியன் தெரியுதா?

கனகமணி: மலைக்குப் பின்னாடி இருக்குது.

ஜீவேந்திரன்: மலைக்குப் பின்னாடி போனா போனதுதான். அப்புறம் நம்ம சமணருங்க சாப்பிடக் கூடாது.

கனகமணி: அது எப்படி? இப்ப ராஜகிரி உச்சியில ஒருத்தர் உக்காந்துகினு இருக்காரு. அவருக்குச் சூரியன் தெரியுமா, தெரியாதா?

ஜீவேந்திரன்: தெரியும்.

கனகமணி: அவர் சாப்பிடலாமா?

ஜீவேந்திரன்: அவர் தாராளமா சாப்பிடலாம். நான் கீழ மல்லாட்டைக் கொல்லை ஓரமா இல்ல உக்காந்துகினு இருக்கேன்?

கனகமணி: அப்ப மேல இருக்கறவனுக்குச் சோறு, கீழ இருக்கறவனுக்குப் பட்டினி. நல்ல நியாயம்.

ஜீவேந்திரன்: கோட்டை கட்டினவன்கிட்ட கேளுங்க. மலையை நானா கொண்டாந்து வச்சேன்?

கனகமணி: மலையை அவனும் கொண்டாந்து வைக்கல. அது அங்கியேதான் இருந்துச்சு.

ஜீவேந்திரன்: ரிட்டையர் ஆனாலும் டீச்சரம்மா டீச்சரம்மாதான்.

கனகமணி: இந்தாங்க, செல்லைப் பாருங்க. செஞ்சியில பொழுது சாய இன்னும் பத்து நிமிஷம் இருக்குதுன்னு போட்டிருக்குது.

ஜீவேந்திரன்: எங்க காட்டுங்க... அட, ஆமா.

கனகமணி: ம்.

ஜீவேந்திரன்: ...அப்ப பாதி வைங்க.

கனகமணி: பாதியெல்லாம் இல்ல. முழுசுதான். சட்னி?

ஜீவேந்திரன்: ஊத்துங்க. ஜல்தி, ஜல்தி. பத்து நிமிஷத்துல ரெண்டு போயிடுச்சு.

கனகமணி: மெதுவா சாப்பிடுங்க. விக்கிக்கப் போவுது.

ஜீவேந்திரன்: கேப்பையில முருங்கைக்கீரை போட்டு... அநியாயத்துக்கு நல்லா இருக்குதுங்க.

கனகமணி: சும்மா சொல்லாதீங்க.

ஜீவேந்திரன்: பொய் சொல்றது பாவம். நான் சொல்ல மாட்டேன்.

கனகமணி: ஐயோ... யாரோ வண்டியில வர்றாங்க. முகத்தைத் திருப்பிக்குங்க!

ஜீவேந்திரன்: நான் எதுக்குத் திருப்பிக்கணும்?

கனகமணி: நம்ம ஜனமா இருந்தா? பையனைப் பெத்தவளும் பொண்ணைப் பெத்தவரும் திருவண்ணாமலை ரோட்டோரம் உக்காந்து அடை தின்னுகினு இருந்தாங்கன்னு, விடியறதுக்குள்ள திண்டிவனம் பூரா...

ஜீவேந்திரன்: சம்பந்திங்க அடை சாப்பிடக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்குது?

கனகமணி: நான் முக்காடு போட்டுக்கறேன்.

ஜீவேந்திரன்: முக்காடு போட்டாத்தான் சந்தேகம் வரும்! எடுங்க!

கனகமணி: கிட்ட வந்துட்டான்...

ஜீவேந்திரன்: ஆமாங்க சம்பந்தியம்மா! புனேல மாப்ளக்கு வேலையெல்லாம் எப்படிப் போவுது!

கனகமணி: ஏன் இந்தக் கத்து கத்தறீங்க?

ஜீவேந்திரன்: குடும்ப விஷயம் பேசற மாதிரி இருக்கணும் இல்ல?

கனகமணி: போயிட்டான். பால்காரன். பின்னாடி கேன் இருந்துச்சு.

ஜீவேந்திரன்: பார்த்தானா நம்மள?

கனகமணி: திரும்பிக்கூட பார்க்கல.

ஜீவேந்திரன்: ...ஒரு மரியாதைக்காவது பார்த்திருக்கலாம்.

கனகமணி: ஹ... ஹ... சிரிக்க வைக்காதீங்க சம்பந்தி, சட்னி கொட்டுது!

ஜீவேந்திரன்: நான் இன்னா சொன்னேன் இப்ப?

கனகமணி: அறுபதைத் தாண்டினவங்களை எவன் திரும்பிப் பார்ப்பான்? நான் பாட்டுக்கு முக்காடு... கடவுளே...

ஜீவேந்திரன்: சரி, சரி. தூக்கைக் கட்டுங்க. இன்னைக்காவது ஒழுங்கா ஒரு படம் எடுத்தாவணும். சஹானா இன்னா சொன்னா தெரியுமில்ல?

கனகமணி: உங்க பொண்ணு என்ன சொன்னா?

ஜீவேந்திரன்: கோவமா சொன்னா என் பொண்ணு. நல்லா சொன்னா உங்க மருமவளா?

கனகமணி: ஆமா. என்ன சொன்னா?

ஜீவேந்திரன்: ஞாயித்துக்கிழமை அவங்க கல்யாண நாளு. அதுக்குள்ள நிலா வெளிச்சத்துல எடுத்த செஞ்சிக்கோட்டைப் படத்தை, அவங்க புனே வீட்டு ஹால்ல, பெருசா ஃப்ரேம் போட்டு மாட்டணும். நாளைக்குக் காலையில ஃப்ரேம் கடைக்குக் குடுக்கணுமாம். "இன்னைக்கு ராத்திரிதான் கடைசிப்பா. வரலன்னா நான் நெட்ல இருந்து ஏதாவது ஒண்ணை எடுத்து மாட்டிக்கறேன், நீங்களும் அத்தையும் இனிமே அலைய வேணாம்"னுட்டா.

கனகமணி: அலைய வேணாம்னா சொன்னா?

ஜீவேந்திரன்: அதே வார்த்தை.

கனகமணி: நெட்ல எடுக்கிறதுக்கு நம்மளை எதுக்கு அனுப்பினாளாம்?

ஜீவேந்திரன்: பக்கத்து ஃப்ளாட்டுக்காரர் இருக்காரே, அவர் "செஞ்சி எங்க மராட்டா கோட்டை"ன்னாராம். இவளுக்கு ரோஷம். எங்கப்பா கையால எடுத்த படத்தை மாட்டி, இது எங்க ஊருன்னு காட்டறேன்னு சவால் விட்டுட்டா.

கனகமணி: அவர் சொல்றதும் தப்பில்லையே. அவங்களும் ஆண்டாங்க, நவாபும் ஆண்டான், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன்...

ஜீவேந்திரன்: ஆண்டவன் எல்லாம் ஊருக்குப் போயிட்டான். பக்கத்துல மல்லாட்டை போட்டுகினு இருக்கறது யாரு? நம்மதானே?

கனகமணி: உங்களுக்குக் கடலை மண்டி வச்சிருக்கறவர் நியாயம்.

ஜீவேந்திரன்: எப்படியோ... படம் வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி. இன்னையோட இந்தப் பௌர்ணமி வேலை முடிஞ்சுது.

கனகமணி: ...ஆமா. முடிஞ்சுது. நிம்மதி.

ஜீவேந்திரன்: ரொம்ப நிம்மதி. விழுப்புரத்துல இருந்து ஸ்கூட்டரை ஓட்டிக்கினு வந்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டுல உங்க பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருந்து, உங்களையும் மூணு கால் ஸ்டாண்டையும் ஏத்திக்கினு... முதுகெல்லாம் போச்சு.

கனகமணி: எனக்கு மட்டும் என்ன? மத்தியானமே அடுப்பு முன்னாடி நிக்கணும். அப்புறம் திண்டிவனத்துல இருந்து நின்னுகினே வரணும்.

ஜீவேந்திரன்: பேஜாரு.

கனகமணி: பெரிய பேஜாரு.

ஜீவேந்திரன்: ...அடை இன்னும் இருக்குதா?

கனகமணி: பொழுது போயிடுச்சு சம்பந்தி. இப்ப மலை உச்சியிலகூட போயிடுச்சு.

ஜீவேந்திரன்: போயிடுச்சா? அச்சச்சோ.

கனகமணி: இப்படித்தான் ஆவணியில இருந்து நடக்குது. சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஏதாவது ஒண்ணு ஆயிடும்.

ஜீவேந்திரன்: ஆவணியில என் தப்பு. எடுத்த படத்தைக் கை தவறி அழிச்சிட்டேன். புரட்டாசியில மழை.

கனகமணி: ஐப்பசியில அந்த எருமை.

ஜீவேந்திரன்: அந்த எருமையை மறக்கவே முடியாதுங்க. கேமராவுக்கு முன்னாடி வந்து நின்னுட்டு, கல்யாண வீட்டுல மாப்ளயோட மாமன் நிக்கற மாதிரி... நகரவே இல்ல!

கனகமணி: நீங்கதானே அதுக்குப் பழம் குடுத்தீங்க!

ஜீவேந்திரன்: போவட்டும்னு குடுத்தேன்.

கனகமணி: பழம் குடுத்தா எந்த எருமை சம்பந்தி போவும்?

ஜீவேந்திரன்: நீங்களும்தான் அதோட நெத்தியைத் தடவிக் குடுத்தீங்க.

கனகமணி: அது பாவம். வாயில்லா ஜீவன்.

ஜீவேந்திரன்: கார்த்திகையில பேட்டரி இல்ல. மார்கழியில பனி. தையில...

கனகமணி: தையில நான் தும்மினேன்.

ஜீவேந்திரன்: ஒரு தும்மலா? தொடர்ச்சியா தும்மினீங்க. ஸ்டாண்டே விழுந்துடுச்சு.

கனகமணி: மிளகாப் பொடி பறந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?

ஜீவேந்திரன்: இட்லிப் பொடி டப்பாவைக் கேமரா பக்கத்துல வச்சு யாராவது தொறப்பாங்களா?

கனகமணி: திரும்பிப் பாருங்க. உங்க கோட்டைக்கு விளக்கு வந்துட்டுது.

ஜீவேந்திரன்: எங்க? ...ஓ! ஓ, நிலா! எம்மாம் பெருசு!

கனகமணி: நம்ம முதுகுப் பக்கமா திருட்டுத்தனமா ஏறியிருக்குது பாருங்க.

ஜீவேந்திரன்: திண்டிவனத்துல இருந்து வருது இல்ல. உங்க ஊருப் பழக்கம்.

கனகமணி: ஹா! எங்க ஊர் நிலாவாலதான் உங்க படமே.

ஜீவேந்திரன்: இன்னும் கொஞ்சம் மேல வரட்டும். வெளிச்சம் நேரா பாறை மேல விழும். அதுக்குள்ள ஸ்டாண்டை நிக்க வைக்கறேன். இதை... விக்!

கனகமணி: சொன்னேன் இல்ல?

ஜீவேந்திரன்: விக்! ஒண்ணுமில்லீங்க. விக்!

கனகமணி: தண்ணி குடிங்க. இந்தாங்க பாட்டில்.

ஜீவேந்திரன்: பொழுது போயி... விக்! ...போயிடுச்சே.

கனகமணி: தண்ணிகூடவா?

ஜீவேந்திரன்: வீட்டுக்காரம்மா பிரபாவதி தவறின வருஷம் நான் எடுத்த விரதங்க. தண்ணிகூட கிடை... விக்! ...கிடையாது.

கனகமணி: அப்ப விக்கிக்கினே படம் எடுக்கப் போறீங்களா?

ஜீவேந்திரன்: எடுப்பேன். பாருங்க. பட்டனை விரலால அழுத்திப் பிடிச்சுகினு, இருபது எண்ணணும். ஆடக் கூடாது. ஒண்ணு... ரெண்டு... மூ... விக்!

கனகமணி: ஹ...

ஜீவேந்திரன்: சிரிக்காதீங்க! நாலு... அஞ்... விக்! விக்!

கனகமணி: படத்தைக் காட்டுங்க... ஐயோ சம்பந்தி! செஞ்சியில இத்தினி மலை எப்ப வந்துச்சு?

ஜீவேந்திரன்: ஒரு விக்கலுக்கு ஒரு ராஜகிரி. விக்! சஹானா கேட்டா... விக்! ...நாலு கோட்டை இருக்குதுன்னு சொல்லிடலாம். அந்த மராட்டாக்காரருக்கு ஒண்ணு, நமக்கு மூணு.

கனகமணி: வயிறு வலிக்குது... போதும்...

ஜீவேந்திரன்: இன்னைக்கு இப்படியே போவட்டுங்க. விக்கலால வரலன்னு சொல்லி... விக்! ...சொல்லிடலாம்.

கனகமணி: சம்பந்தி! உங்க ஸ்கூட்டரை எவனோ தள்ளிக்கினு போறான்!

ஜீவேந்திரன்: டேய்! எவன்டா அது! டேய்! ...எங்கங்க? வண்டி அங்கியேதான் நிக்குது!

கனகமணி: விக்கல்?

ஜீவேந்திரன்: ...

கனகமணி: வருதா?

ஜீவேந்திரன்: ...நின்னுடுச்சு.

கனகமணி: மருந்து. நாலாங்கிளாஸ் பசங்களுக்கு இதைத்தான் குடுப்பேன்.

ஜீவேந்திரன்: அம்மாடி. உசுரே போயிட்டு வந்துச்சுங்க.

கனகமணி: இப்ப எடுங்க. விரலெல்லாம் வேணாம். உங்க மாப்ள நிதிஷ் சொன்னானே, டைமர் வச்சா அதுவே எடுத்துக்கும்னு.

ஜீவேந்திரன்: எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க.

கனகமணி: ஏன்?

ஜீவேந்திரன்: அது பாட்டுக்கு எடுத்துடும்.

கனகமணி: எடுக்கறதுக்குத்தானே வந்திருக்கோம்?

ஜீவேந்திரன்: ஆமா... அதுக்குத்தான்.

கனகமணி: பேட்டரி?

ஜீவேந்திரன்: இன்னைக்குன்னு பார்த்து ஃபுல்லா இருக்குது.

கனகமணி: மெமரி கார்டு?

ஜீவேந்திரன்: இருக்குதுங்க.

கனகமணி: ஸ்டாண்டு?

ஜீவேந்திரன்: ஒரு கால் கொஞ்சம் லூசா... இல்ல. நல்லாத்தான் நிக்குது.

கனகமணி: மேகம் எதுனா வர்ற மாதிரி இருக்குதா?

ஜீவேந்திரன்: மாசியில ஏதுங்க மேகம்?

கனகமணி: வளவனூர் பக்கம் லேசா இருக்கற மாதிரி...

ஜீவேந்திரன்: அது காய்ஞ்ச கரும்புச் சோகை எரிக்கற புகைங்க. இங்க வராது.

கனகமணி: வராதா?

ஜீவேந்திரன்: எருமை எதுனா?

கனகமணி: சுத்திப் பார்த்துட்டேன். ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்ல.

ஜீவேந்திரன்: ம்... அப்ப எடுத்துட வேண்டியதுதான்.

கனகமணி: எடுத்துட வேண்டியதுதான்.

ஜீவேந்திரன்: வச்சுட்டேன். கை எடுத்துட்டேன். அசையக் கூடாது.

கனகமணி: பேசலாமா?

ஜீவேந்திரன்: கூடாது.

கனகமணி: பேசினா கேமரா ஆடுமா?

ஜீவேந்திரன்: ஷ்ஷ்.

கனகமணி: ...

ஜீவேந்திரன்: ...

கனகமணி: கொசு.

ஜீவேந்திரன்: கடிக்கட்டும்.

கனகமணி: உங்க நெத்தியில சம்பந்தி. அடிக்கவும் முடியாது, நமக்கு அதுவும் பாவம்.

ஜீவேந்திரன்: சிரிப்புக் காட்டாதீங்க... தரையே ஆடுது...

கனகமணி: நல்லா குடிக்குது. அதுக்கு ராத்திரி விரதம் கிடையாது போல.

ஜீவேந்திரன்: ஹ... ஹ்ஹ... ஐயோ...

கனகமணி: டிக்குனு சத்தம் கேட்டுச்சு. முடிஞ்சுதா?

ஜீவேந்திரன்: முடிஞ்சுது. இருங்க, வரும்... இதோ...

கனகமணி: கொஞ்சம் கிட்ட காட்டுங்க. கண்ணாடி போட்டுக்கறேன்.

ஜீவேந்திரன்: இதோ.

கனகமணி: அம்மா...

ஜீவேந்திரன்: பாறை ஒவ்வொண்ணும் தெரியுது பாருங்க.

கனகமணி: மதில் மேல ஏறுது, இறங்குது, திரும்ப ஏறுது... எல்லாம் தெரியுது. உச்சியில மண்டபத்துல தூண்கூட எண்ணலாம் போல இருக்குது.

ஜீவேந்திரன்: கீழ சிவப்பா ஒரு கோடு இழுத்திருக்குது பாருங்க. திருவண்ணாமலை பஸ்ஸு. நடுவுல போச்சு, கெடுத்துடும்னு நினைச்சேன். அதுவே அழகாப் போச்சு.

கனகமணி: பாவி பஸ்ஸு.

ஜீவேந்திரன்: இன்னாங்க?

கனகமணி: அழகா இருக்குதுன்னு சொன்னேன்.

ஜீவேந்திரன்: ஆமா. கேலண்டர் மாதிரி இருக்குது.

கனகமணி: வந்துடுச்சு.

ஜீவேந்திரன்: வந்துடுச்சுங்க.

கனகமணி: உங்க செல்லு அடிக்குது சம்பந்தி.

ஜீவேந்திரன்: சஹானாதான். ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ... சொல்லும்மா.

சஹானா: அப்பா! படம் வந்துச்சா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு.

ஜீவேந்திரன்: அது வந்தும்மா...

சஹானா: ஒரே வார்த்தை!

ஜீவேந்திரன்: மேகம்.

சஹானா: என்னது?

ஜீவேந்திரன்: மேகம்மா. திடீர்னு வந்துடுச்சு. கருகருன்னு. நிலாவையே காணோம்.

சஹானா: மாசி மாசத்துலயா?

ஜீவேந்திரன்: அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்குது.

சஹானா: அத்தை கிட்ட குடு. அத்தை! அப்பா சொல்றது நிஜமா?

கனகமணி: ...

சஹானா: அத்தை?

கனகமணி: ஆமாம்மா. ஒரே இருட்டு. எதிர்ல இருக்கற உங்க அப்பாவே தெரியல.

சஹானா: சரி, போவுது போங்க. நான் சொன்ன மாதிரி நெட்ல பார்த்துக்கறேன்.

ஜீவேந்திரன்: பின்னாடி யாரும்மா சிரிக்கறது?

சஹானா: நிதிஷ்தான். ஏதோ காமெடி பார்க்கறான். ரெண்டு பேரும் பத்திரமா போங்க. அத்தைக்குக் கடைசி பஸ்ஸை விட்டுடாதப்பா. வச்சுடறேன்!

ஜீவேந்திரன்: ...வச்சுட்டா.

கனகமணி: ம்.

ஜீவேந்திரன்: சம்பந்தியம்மா.

கனகமணி: சொல்லுங்க.

ஜீவேந்திரன்: நிலா பட்டப்பகல் மாதிரி காயுது.

கனகமணி: ஆமா. உங்க நெத்தியில கொசு கடிச்ச தடிப்புகூட தெரியுது.

ஜீவேந்திரன்: அப்ப ஏன் பொய் சொன்னீங்க?

கனகமணி: நீங்க ஏன் சொன்னீங்க?

ஜீவேந்திரன்: நான் முதல்ல கேட்டேன்.

கனகமணி: நீங்க முதல்ல சொன்னீங்க. ராத்திரி தண்ணி குடிச்சா பாவம். ராத்திரி பொய் சொன்னா பாவம் இல்லையா?

ஜீவேந்திரன்: ...அதுக்கு விரதம் எடுக்கல இன்னும்.

கனகமணி: நல்லா இருக்குது.

ஜீவேந்திரன்: சம்பந்தியம்மா, உங்களை ஒண்ணு கேக்கலாங்களா? சிரிக்கக் கூடாது.

கனகமணி: சிரிக்கல.

ஜீவேந்திரன்: நீங்க வீட்டுல எத்தினி மணிக்குச் சாப்பிடறீங்க?

கனகமணி: அஞ்சரைக்கு. பொழுது போறதுக்குள்ள பாத்திரமும் கழுவிடுவேன்.

ஜீவேந்திரன்: அப்புறம்?

கனகமணி: அப்புறம் என்ன? டிவி. ஒரு புக்கு. வாசல் கேட்டைப் பூட்டிட்டு, பூட்டிட்டேனான்னு திரும்பப் போய்ப் பார்ப்பேன்.

ஜீவேந்திரன்: அப்புறம்?

கனகமணி: மணி பார்த்தா ஏழுகூட ஆயிருக்காது.

ஜீவேந்திரன்: அதாங்க! அதேதாங்க! தெருவுல மத்தவங்க வீட்டுல அப்பதான் தோசை ஊத்தற சத்தமே கேக்கும். வர்றதும் போறதும், தட்டு கழுவறதும்... எட்டரை, ஒன்பது வரைக்கும் அவங்களுக்குப் பொழுது போயிடும். நமக்குச் சோறு முடிஞ்சதும் நாளே முடிஞ்சுடுது. பிரபாவதி இருந்தப்ப இது தெரியல. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு, சும்மா ஏதாவது சண்டை போட்டுகினு இருப்போம்.

கனகமணி: நிதிஷ் அப்பா சண்டையெல்லாம் போட மாட்டாரு. குறட்டைதான். ஏழு மணிக்கே ஆரம்பிச்சுடுவாரு. வீடு பூரா சத்தமா இருக்கும்.

ஜீவேந்திரன்: அதுவும் ஒரு துணைதான்.

கனகமணி: போனப்புறம்தான் தெரிஞ்சுது. எத்தினி நாள் திட்டியிருப்பேன்.

ஜீவேந்திரன்: மாசத்துல மத்த நாள் எல்லாம் ராத்திரி ரொம்ப நீளங்க. இந்த ஒரு நாள்தான்... எப்ப ஏழாச்சு, எப்ப எட்டாச்சுன்னே தெரியறதில்ல. தப்பா எதுனா சொல்லிட்டேனா?

கனகமணி: இல்ல. சொல்லுங்க.

ஜீவேந்திரன்: படம் வந்துட்டா... அப்புறம் எதைச் சொல்லிக்கினு வர்றது? அதான் மேகம்னேன். சொன்னப்புறம்தான் உறைச்சுது, அவ எப்படியும் நெட்ல எடுக்கப் போறா. மேகம்னாலும் முடிஞ்சுது, படம்னாலும் முடிஞ்சுது. வீணா ஒரு பொய்.

கனகமணி: அடை ஒழுங்கா வெந்துச்சான்னு கேக்கற மாதிரி இதை ஏன் இவ்ளோ மெதுவா சொல்றீங்க?

ஜீவேந்திரன்: கிண்டல் பண்ணாதீங்க. நெஞ்சு அடிக்குது.

கனகமணி: விக்கலுக்கு மருந்து இருக்குது. இதுக்கு இல்ல.

ஜீவேந்திரன்: இன்னும் ஒண்ணு இருக்குதுங்க. அதையும் சொல்லிடறேன்.

கனகமணி: சொல்லுங்க.

ஜீவேந்திரன்: ஆவணியில எடுத்த படம்... அழிஞ்சு போச்சுன்னு சொன்னேன் இல்ல?

கனகமணி: ஆமா. கை தவறிட்டுதுன்னு.

ஜீவேந்திரன்: அழியலங்க. முதல் தடவையே பிரமாதமா வந்துடுச்சு. இதைவிட நல்லாவே. கேமராவுலயே இருக்குது. அன்னைக்கு நீங்க பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "சம்பந்தி, இவ்ளோ நாள் கழிச்சு இன்னைக்குத்தான் வாய் விட்டுச் சிரிச்சேன்"னு சொல்லிட்டுப் போனீங்க. பஸ்ஸு போனப்புறம் அங்கியே நின்னுகினு, படம் வரலன்னு சஹானாவுக்கு மெசேஜ் போட்டேன். எருமைக்கு அந்தப் பழமும்... வேணும்னேதாங்க குடுத்தேன்.

கனகமணி: ...

ஜீவேந்திரன்: இன்னா பேசாம இருக்கீங்க? கோவமா?

கனகமணி: முடிச்சிட்டீங்களா?

ஜீவேந்திரன்: இல்ல. எனக்கு அடுத்த பௌர்ணமியும் வரணுங்க. படம் இருந்தாலும் வரணும், இல்லாட்டியும் வரணும். நீங்களும் வரணும். இப்ப முடிச்சிட்டேன்.

கனகமணி: ஆவணிப் படம் அழியலன்னு எனக்குப் புரட்டாசியிலயே தெரியும் சம்பந்தி. அன்னைக்கு மழையில நனைஞ்சிடும்னு கேமராவை என் பையில போட்டு அனுப்புனீங்க. நான் வீட்டுல போய்ப் பார்த்தேன். சஹானாதான் போன்ல எப்படி அனுப்பறதுன்னு சொல்லிக் குடுத்தா. அது தீபாவளிக்கு முன்னாடியே புனேல ஹால்ல மாட்டியாச்சு, அந்த மராட்டாக்காரரும் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. வீடியோ கால்ல நம்ம பசங்க ரெண்டு பேரும் எதுக்கு ஹாலைக் காட்டாம எப்பவும் சமையல்கட்டுலயே நின்னுகினு பேசறாங்கன்னு நினைச்சீங்க? மாசா மாசம் "படம் எங்கப்பா"ன்னு அவளைக் கேக்கச் சொன்னது நான்தான். இன்னைக்குத்தான் கடைசின்னு சொல்லச் சொன்னதும் நான்தான். எத்தினி மாசம் நானே தும்மிக்கினு இருக்கறது? "வரணும்"னு நீங்களா ஒரு தடவை சொல்லுவீங்களான்னு பார்த்தேன்.